வன்னிக் கடைகளில் கியூஆர் அட்டை: எது வெயில் தாங்கும், எது கைவிடும்

2022 யூலையில் எரிபொருள் பங்கீட்டுக்காக வந்த கியூஆர்தான் வன்னியில் வீடுவீடாகப் புகுந்த சதுரம். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று தொடங்கியது. ஸ்மார்ட் போன் இல்லாத வீட்டிலும் அதை அச்சடித்து, லமினேற் பண்ணி, சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 2023 செப்டெம்பர் 1 இல் அந்தப் பங்கீடு நின்றது. அது சனத்துக்குப் பழக்கியது பாதி வேலையை மட்டுந்தான்: சதுரத்தைக் காட்டுவது. ஸ்கான் பண்ணியது பெற்றோல் செற்றில் நின்றவர்.

இன்றைக்குக் கடைகளில் ஒட்டும் அட்டை மற்றப் பாதியைக் கேட்கிறது. சதுரம் கடையில் இருக்கிறது, போனைத் தூக்க வேண்டியவர் வாடிக்கையாளர். தூக்கினால் என்ன கிடைக்கும் என்று அட்டையில் ஒரு வரி தமிழில் இல்லாவிட்டால் அவர் தூக்கமாட்டார். “விலைப்பட்டியல் பார்க்க, போன் கமராவை இதற்கு நேரே பிடியுங்கள்” என்ற வரிக்கு அட்டையில் இடம் விடாத அச்சகத்திடம் வேலை கொடுக்க வேண்டாம். வெறும் “ஸ்கான் செய்க” போதாது. எதற்கு என்று சொல்ல வேண்டும்.

ஏ9 வீதி ஓரத்துச் சாப்பாட்டுக் கடை, முறிகண்டிக் கச்சான் கடை, புதுக்குடியிருப்பு மருந்துக் கடை, மல்லாவிப் பக்கத்து நெல் ஆலை போன்ற இடங்களுக்குச் செய்து கொடுக்கப்படும் அட்டைகளையும் ஸ்ரிக்கர்களையும் இங்கே எடைபோடுகிறோம். முடிவை முன்னுக்கே சொல்லிவிடலாம். பொருளாகப் பார்த்தால், கடைக்குள் வைக்கப் பளபளக்காத மட் லமினேற் செய்த லேசர் பிறின்ற் போதும், வெளியே வைக்க அலுமினியத் தகட்டில் ஒட்டிய வைனில் ஸ்ரிக்கர்தான் சரி. ஆனால் அட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது கொண்டுபோய் விடும் பக்கம் பாரமாக இருந்தாலோ, பூட்டிக் கிடந்தாலோ காசு வீண். பிழை பெரும்பாலும் அங்கேதான்.

அட்டையும் மையும்

யப்பானின் டென்சோ நிறுவனத்தில் 1994 இல் இந்தக் குறியீட்டை உருவாக்கியபோது, அது தொழிற்சாலையில் வாகன உதிரிப்பாகங்களை அடையாளம் காணத்தான். எண்ணெயும் அழுக்கும் பட்டாலும் வாசிக்க வேண்டும் என்பதால், சேதமான பகுதியை மீட்டுக்கொள்ளும் வசதியை நான்கு படிகளாக வைத்தார்கள்: ஏறத்தாழ 7, 15, 25, 30 வீதம். கிரவல் றோட்டுப் புழுதிக்கும் சோளகக் காற்றுக்கும் இது நல்ல காப்பு. ஆனால் இந்தக் காப்பு உள்ளே இருக்கும் தரவுக்கு மட்டுமே. மூன்று மூலைகளிலும் இருக்கும் பெரிய சதுரங்கள்தான் இது கியூஆர் என்று கமராவுக்கு அடையாளம் சொல்பவை. அவற்றுக்கு அந்த மீட்பு இல்லை. அட்டையைச் சுவரில் அடிக்கும்போது மூலைச் சதுரத்துக்குள் ஆணி இறங்கினால், மற்றதெல்லாம் பளிச்சென்று இருந்தாலும் போன் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும். ஆணி அடிக்கும் இடத்தை வடிவமைக்கும்போதே சதுரத்துக்கு வெளியே, குறைந்தது 3 சென்ரிமீற்றர் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

சதுரத்தைச் சுற்றி, அதற்குள் இருக்கும் சின்னக் கட்டங்களில் நான்கின் அகலத்துக்கு வெறும் வெள்ளை இருக்க வேண்டும். இதைத்தான் அழகுக்காக முதலில் வெட்டிவிடுகிறார்கள். கரை ஒட்டி ஒரு பூ வேலையோ, கடைப் பெயரோ வந்தால் வாசிப்புத் தடுமாறும். கோயில் திருவிழாவுக்குச் செய்யும் அட்டைகளில் மஞ்சளில் செம்மஞ்சள், சிவப்பில் மஞ்சள் எல்லாம் கேட்பார்கள். கமரா பார்ப்பது நிறத்தை அல்ல, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள இடைவெளியை. மஞ்சளில் கடுஞ்சிவப்பு ஓடும், மஞ்சளில் செம்மஞ்சள் ஓடாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டங்கள் வைப்பதையும் தவிர்க்க வேண்டும். புதிய போன்கள் வாசித்தாலும் பழைய ஸ்கான் அப்கள் சில அதைத் தலைகீழாகவே எடுத்துக் கைவிடும்.

அளவு எளிது. எவ்வளவு தூரத்தில் நின்று பிடிக்கிறாரோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். மேசையில் 30 சென்ரிமீற்றர் தூரத்துக்கு 3 சென்ரிமீற்றர் சதுரம், 2 மீற்றர் தள்ளி நிற்பவருக்கு 20 சென்ரிமீற்றர். பஸ்ஸுக்குள் இருந்தபடி ஸ்கான் பண்ணட்டும் என்று வீதியோரப் பனரின் மூலையில் உள்ளங்கை அளவில் போடுவது ஒருவருக்கும் உதவாது. ஃபிளெக்ஸ் பனர் காற்றில் அலைந்து சுருங்கும், அதில் கியூஆர் போடுவதையே நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 பெரும்பாலும் தெற்கு வடக்காக ஓடுகிறது. அதனால் வீதியைப் பார்த்த கடை எதுவும் கிழக்கு வெயிலையோ மேற்கு வெயிலையோ நேரே வாங்கும். வீட்டு இங்க்ஜெற் பிறின்ரரில் போடும் சாதாரண மை அந்த வெயிலில் சில மாதங்களிலேயே வெளிறும். அதிலும் கறுப்பை நான்கு நிற மையையும் கலந்து அடித்திருந்தால் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்தில் போய், மங்கிய தவிட்டு நிறம் மிஞ்சும். லேசர் பிறின்ரரின் கறுப்பு கரித்தூள், அது நின்று பிடிக்கும். வைனிலில் அடிப்பதென்றால் “தனிக் கறுப்பு” என்று கேட்டு அடிப்பிக்க வேண்டும். மேற்கு பார்த்த கடைக்காரர் அட்டையைக் கண்ணாடிக் கதவில் ஒட்டாமல் உள்பக்கச் சுவரில், ஆள் நெஞ்சுயரத்தில் வைத்தால் அதன் ஆயுள் பலமடங்கு கூடும்.

மாரிக்கு வேறு சேதம். ஒக்ரோபரில் தொடங்கும் மழையில் லமினேற்றின் கரை வழியாகத் தண்ணீர் ஏறும். தாளின் விளிம்போடு சேர்த்து வெட்டிய லமினேற்தான் இதற்குக் காரணம். சுற்றிவர 5 மில்லிமீற்றராவது வெறும் பிளாஸ்ரிக் விட்டு வெட்ட வேண்டும். தடித்த வெள்ளை நுரைப் பலகை, கடைகளில் சன்போட் என்பார்கள், உள்ளே நல்லது, வெளியே வெக்கையில் வளையும். வளைந்த சதுரத்தைப் போன் சாய்வாகவே காணும்.

அக்றிலிக் தாங்கிகள் பார்க்க வடிவு. பின்பக்கத்தில் அச்சடித்தால் மையும் உரசுப்படாது. ஆனால் ரியூப் லைற்றுக்குக் கீழே நேராக நிமிர்ந்து நிற்கும் தாங்கியில் லைற்றின் வெள்ளைக் கோடு சதுரத்தின் நடுவே விழும். சற்றுப் பின்சாய்த்தோ, முன்முகத்தில் மட் படலம் ஒட்டியோ வைத்தால் சரி.

உள்ளே என்ன எழுதுவது

சதுரத்தின் அடர்த்தியைத் தீர்மானிப்பது உள்ளே உள்ள எழுத்தின் நீளம். மிகச் சிறிய கியூஆர் 21 கட்டத்துக்கு 21, மிகப் பெரியது 177 க்கு 177. இடையில் ஒவ்வொரு படிக்கும் நான்கு கட்டம் கூடும். 30 எழுத்து ஆங்கில இணைப்பு ஒன்று குறைந்த காப்பில் 25 க்கு 25 இல் அடங்கும். அதையே நடுவில் இலச்சினை வைப்பதற்காக 30 வீதக் காப்போடு கேட்டால் 33 க்கு 33 ஆகும். இலச்சினை வேண்டுமென்றால் சதுர அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விடாதீர்கள். சிறிய அட்டையென்றால் இலச்சினையைப் பக்கத்தில் வைப்பதே நல்லது.

தமிழுக்கு இங்கே ஒரு கூடுதல் சுமை உண்டு. “கிளிநொச்சி” என்பதைக் கணினி பத்துக் குறிகளாகச் சேமிக்கிறது, எழுத்தும் விசிறியும் புள்ளியும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் 3 பைற், மொத்தம் 30 பைற். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 11 பைற். இணைப்பு முகவரிக்குள் தமிழ் வந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒவ்வொரு குறியும் வீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரிந்து, அந்த ஒரு ஊர்ப்பெயரே 90 எழுத்தாகும். ஆகவே முகவரி ஆங்கிலத்தில் குறுகியதாக இருக்கட்டும், திறக்கும் பக்கம் முழுத் தமிழில் இருக்கட்டும். தமிழை விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் அந்த முகவரி வரி மட்டுமே.

இணைப்பே இல்லாமலும் கியூஆர் செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஏ9 ஐ விட்டு உள்ளே போகப்போகச் சிக்னல் மெலியும் எங்கள் பக்கத்துக்கு அதுதான் மிகப் பெரிய வசதி. தொலைபேசி எண், தொடர்பு அட்டை, சாதாரண எழுத்து ஆகியவை சதுரத்துக்குள்ளேயே இருக்கும். டேற்றா தீர்ந்த போனிலும் திறக்கும். உள்வீதியில் இருக்கும் ரயர்க் கடைக்கோ, உழவு இயந்திரம் வாடகைக்கு விடுபவருக்கோ அழைப்பு எண் கியூஆர் ஒன்றே போதும். சங்கக்கடையின் திறக்கும் நேரம், பஸ் நேர அட்டவணை போன்றவற்றையும் எழுத்தாகவே அடக்கலாம். 150 தமிழ்க் குறிகள் என்றால் 450 பைற், குறைந்த காப்பில் 73 கட்டத்துக்கு 73 வரும். அதை 3 சென்ரிமீற்றரில் அடித்தால் மை ஒன்றோடொன்று ஒட்டும், 8 சென்ரிமீற்றரில் அடியுங்கள். மாறக்கூடிய நேரத்தை மட்டும் இப்படி அடக்க வேண்டாம். அச்சடித்த சதுரத்தைத் திருத்த முடியாது.

வட்ஸ்அப் இணைப்பில் அடிக்கடி நடக்கும் பிழை ஒரு சுழியம். நாட்டுக் குறி 94 ஐப் போட்ட பிறகு எண்ணின் முதல் 0 வரக்கூடாது, கூட்டல் அடையாளமும் இடைவெளியும் வரக்கூடாது. 94 க்குப் பின் ஒன்பது இலக்கம், அவ்வளவுதான். 0 விட்டுப்போன அட்டை சரியாகத் திறக்கும், 0 சேர்ந்த அட்டை “எண் இல்லை” என்று சொல்லும். நூறு அட்டை அடித்தபின் கண்டுபிடித்தால் நூறும் குப்பை.

சாப்பாட்டுக் கடைகளின் விலைப்பட்டியலுக்கு வருவோம். அச்சகம் தந்த பிடிஎஃப் கோப்பை அப்படியே கூகுள் டிறைவில் ஏற்றி, அதன் இணைப்பைச் சதுரமாக்குவது வழமையாகிவிட்டது. இரண்டு இடத்தில் இடிக்கும். முதலாவது, “இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்” என்று மாற்றாமல் விட்டால், வருகிறவரிடம் அது அனுமதி கேட்கச் சொல்லும். கடைக்காரரின் போனில் நன்றாகத் திறக்கும், ஏனென்றால் அது அவருடைய கணக்கு. இரண்டாவது பாரம். 8 மெகாபைற் கோப்பு, விநாடிக்கு 1 மெகாபிற் வேகத்தில் வர 64 விநாடி எடுக்கும். பசியோடு வந்தவர் அதற்குள் “என்ன இருக்கு?” என்று கேட்டுவிடுவார். அதே பட்டியலை எழுத்தாகத் தட்டச்சிட்டு, படம் குறைத்து 300 கிலோபைற்றுக்குள் ஒரு பக்கமாகச் செய்தால் அதே சிக்னலில் மூன்று விநாடிக்குள் வரும். பேஸ்புக் பக்கத்துக்கு நேரே அனுப்புவதும் சரியல்ல, கணக்கு இல்லாதவரை அது உள்நுழையச் சொல்லி மறிக்கும்.

இனி, இணையத்தில் “இலவசமாகக் கியூஆர் செய்து தருகிறோம்” என்னும் தளங்கள். இவற்றில்தான் அதிகம் கவனம் வேண்டும். நிலையான கியூஆரில் உங்கள் முகவரியே உள்ளே இருக்கும், அது ஒருநாளும் காலாவதியாகாது. மாற்றத்தக்க கியூஆரில் இருப்பது அந்தத் தளத்தின் குறுமுகவரி, அது உங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடும். 7 அல்லது 14 நாள் இலவசம் முடிந்ததும் அந்தத் திருப்பல் நின்று, காசு கட்டச் சொல்லும் பக்கம் வரும். சுவரில் இருக்கும் அட்டையில் ஒரு கீறலும் இருக்காது, ஆனால் செத்துப்போயிருக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: ஸ்கான் பண்ணும்போது திறக்குமுன் போன் முகவரியைக் காட்டும். அது உங்கள் முகவரி இல்லையென்றால் அடிக்கக் கொடுக்காதீர்கள். நிலையான கியூஆர் செய்ய எவருக்கும் எதுவும் கட்டத் தேவையில்லை. காப்புரிமை வைத்திருந்தும் டென்சோ உரிமைக் கட்டணம் கேட்காமல் விட்டதால்தான் இது உலகெங்கும் பரவியது. பின்னால் விபரத்தை மாற்றும் வசதி வேண்டுமென்றால், சொந்த முகவரி ஒன்றை எடுத்து அதே பக்கத்தின் உள்ளடக்கத்தை மாற்றிக்கொள்வதே பாதுகாப்பு.

காசு வாங்கும் சதுரம்

லங்கா கியூஆர் நல்ல சேவை, சின்னக் கடைக்கு மிகவும் ஏற்றது. இலங்கை மத்திய வங்கி 2018 இல் நாடு முழுவதற்கும் ஒரே தரத்தைக் கொண்டுவந்ததால், ஒரு வங்கியின் ஸ்ரிக்கருக்கு வேறு வங்கியின் அப்பிலிருந்தும் கட்டலாம். காட் மெசின் தேவையில்லை, ஸ்ரிக்கருக்கு மின்சாரமும் தேவையில்லை. கடைக்காரரிடம் வங்கி எடுக்கும் கழிவு வீதத்தையும், காசு கணக்கில் விழும் நாளையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு தொடங்கலாம்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், வாடிக்கையாளர் வங்கி அப்பைத் திறக்காமல் போன் கமராவைப் பிடிக்கும்போது. அப்போது 000201 என்று தொடங்கும் நீண்ட இலக்கச் சரம் ஒன்றுதான் தெரியும். சதுரம் பழுது என்று நினைத்துப் போனை வைத்துவிடுவார். பழுதில்லை, காசு வாங்கும் தரத்தின் தொடக்கமே அந்த ஆறு இலக்கம். எதிர்ப்பக்கமாக, வங்கி அப்பால் விலைப்பட்டியலை ஸ்கான் பண்ணினால் செல்லுபடியாகாது என்று வரும். எனவே இரண்டு சதுரத்தையும் ஒரே அட்டையில் அருகருகே வைக்கக்கூடாது. பட்டியல் மேசையில், காசு கல்லாவில். கல்லா ஸ்ரிக்கருக்கு மேலே “வங்கி அப்பைத் திறந்து ஸ்கான் பண்ணுங்கள்” என்று தமிழில் ஒட்டிவிடுங்கள்.

ஸ்ரிக்கரில் தொகை இல்லை, கட்டுபவரே தொகையை எழுதுவார். அவர் காட்டும் “வெற்றி” திரையைப் பார்த்துச் சாமானைக் கொடுக்க வேண்டாம். பழைய திரைப்பிடிப்பும் அப்படியேதான் இருக்கும். உங்கள் போனுக்கு வரும் அறிவித்தலைப் பார்த்த பிறகே கொடுங்கள். காலையில் கடை திறந்ததும் ஸ்ரிக்கரைத் தடவிப் பார்ப்பதும் நல்ல பழக்கம், மேலே இன்னொருவரின் ஸ்ரிக்கர் ஒட்டப்பட்டிருந்தால் விரலுக்குத் தட்டுப்படும். கட்டுபவர் தன் பங்குக்குத் திரையில் வரும் கடைப் பெயரை வாசிக்க வேண்டும்.

2024 பெப்ரவரி 12 இலிருந்து இந்தியாவில் போன்வழி காசு கட்டும் முறையான யூபிஐயின் அப்பாலும் இலங்கையில் கட்ட வழி பிறந்தது. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊருக்கு வரும் சொந்தங்களின் சாதாரண வங்கி அப்புக்கு இந்த ஸ்ரிக்கர் பேசாது. அவர்கள் அதிகம் வரும் கடையென்றால் காட் மெசினும் வேண்டும்.

போத்தலும் பைக்கற்றும்

வன்னித் தேன், உழுந்து, கச்சான், மொட்டைக்கறுப்பன் அரிசி என்று பொதி செய்து விற்பவர்களுக்குக் கியூஆர் உண்மையில் கைகொடுக்கும். எந்தக் கிராமத்தில், எந்த மாதம் எடுத்தது, எப்படி வைத்திருப்பது என்று லேபிளில் இடமில்லாததைச் சொல்லலாம். 7 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தேன் போத்தலுக்கு 2.5 முதல் 3 சென்ரிமீற்றர் வரையான சதுரம் பொருந்தும். அதைவிடப் பெரிதானால் இரு கரையும் வளைவில் ஒளிந்துகொள்ளும். வெக்கைக்குக் கறுக்கும் தேர்மல் லேபிளைத் தவிர்க்கவும். வெயிலில் நிற்கும் வானுக்குள் ஒரு பகல் கிடந்தாலே சதுரமும் பின்னணியும் ஒன்றாகலாம்.

கியூஆர் போட்டுவிட்டோம் என்று பழைய கோட்டு பார்கோட்டை நீக்கிவிட வேண்டாம். 479 என்று தொடங்கும் 13 இலக்க எண் சுப்பர்மார்க்கற் கல்லாவுக்கானது. அந்த 479, பார்கோட் எண் வழங்கும் உலக அமைப்பான ஜீஎஸ்1 இன் இலங்கைப் பிரிவு வழியாக எண் பெறப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறது, பொருள் எங்கே விளைந்தது என்பதை அல்ல. 2027 முடிவுக்குள் உலகக் கல்லாக்கள் கியூஆர் போன்ற இரு பரிமாணக் குறியையும் வாசிக்க வேண்டும் என்று ஜீஎஸ்1 இலக்கு வைத்திருக்கிறது. அதுவரை இரண்டும் இருக்கட்டும். கோட்டு பார்கோட்டைச் சிவப்பில் அடிக்காதீர்கள், சிவப்பு ஒளி வீசும் கல்லா வாசிப்பானுக்குச் சிவப்புக் கோடு வெள்ளையாகவே தெரியும்.

அச்சகத்தில் காசு கொடுக்குமுன்

சதுரத்தின் மூலக் கோப்பை வட்ஸ்அப்பில் படமாக அனுப்ப வேண்டாம். அது நெருக்கி அனுப்புவதால் கட்டங்களின் விளிம்பு மங்கும், பெரிதாக்கும்போது இன்னும் மங்கும். டொக்கியுமென்ராக அனுப்புங்கள், எஸ்விஜி அல்லது பிடிஎஃப் வடிவில் எடுத்தால் எந்த அளவுக்கும் கூராக வரும்.

முதலில் ஒன்றை மட்டும் அடித்து, லமினேற்றும் பண்ணி வாங்குங்கள். கணினித் திரையில் ஸ்கான் ஆவது பரிசோதனை அல்ல. ஐபோனில் 2017 இலிருந்தே கமரா நேரடியாக வாசிக்கும். பழைய அன்ட்ரொயிட் சிலவற்றில் கூகுள் லென்ஸ் வேண்டும். ஆகவே ஒரு ஐபோனும் ஒரு பழைய அன்ட்ரொயிட்டும் எடுத்து, வைபையை நிறுத்தி, டேற்றாவில், அட்டையை வைக்கப்போகும் அதே இடத்தில், பகல் ஒரு தரமும் லைற் போட்ட பிறகு ஒரு தரமும் பாருங்கள். கடைக்காரரின் சொந்தக் கணக்கு இல்லாத போனாக இருக்க வேண்டும். இரண்டு விநாடிக்குள் முகவரி தெரியவில்லையென்றால் அளவு அல்லது பளபளப்பு. முகவரி தெரிந்தும் பக்கம் வரவில்லையென்றால் அச்சகத்தைக் கோபிக்க வேண்டாம், கோப்பைப் பாருங்கள்.

அட்டையின் பின்புறத்தில் அடித்த திகதியையும் உள்ளே இருக்கும் முகவரியையும் மார்க்கர் பேனையால் எழுதி வையுங்கள். விலை மாறி, பக்கம் மாறி, எண் மாறி இரண்டு வருடம் கழித்து எந்த அட்டையைக் கழற்ற வேண்டும் என்று தேடும்போது, வேலைக்குப் புதிதாக வந்த தம்பிக்கும் அது விளங்கும்.